கழிப்பறை வாசலில் ஒரு நோட்டு

2024 ஜூலை 18, வியாழக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, முந்தைய நாள் டைரியை ஒருமுறை படித்துத் திருத்தினேன். 7.52க்குப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. அவர்களுடைய வகுப்புகளுக்கு மாற்று ஆள் போட்டேன். ஞாயிறன்று பௌர்ணமி கிரிவலம். அதற்கு முந்தைய நாளே வெளியூர்ப் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் ஏற இடம் கிடைக்காது என்பதால், சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு கிடையாது என்று சுற்றறிக்கை எழுதி எல்லா வகுப்புக்கும் அனுப்பினேன். 9.10க்கு பிரேயர். மழை இல்லை. மலை உச்சிவரை தெளிவாகத் தெரிந்தது.

மதியம் வரைக்கும் அந்த நாளில் எழுதுவதற்கு வேறொன்றும் இல்லை.

திருவண்ணாமலையில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஏழு வருடம் உதவித் தலைமையாசிரியை. மாடிப்படிகளுக்கு முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்து நான்கு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். இப்போது அதே மாதிரி நாற்காலிகளில் புதிதாக உட்கார்ந்திருக்கும் உங்களில் சிலர், கழிப்பறைகளில் வேப் கண்டுபிடிக்கும் கருவி வைக்கலாமா, வைத்தால் எப்படி நடத்துவது என்று என்னிடம் கேட்டீர்கள். கருவியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. அதை வைத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்த வருடம் பள்ளி திறந்த மாதத்திலேயே பிளஸ் டூ பையன்கள் மூன்று பேரிடம் வேப் பிடிபட்டது. விரல் நீளத்துக்குப் பேனா போல இருக்கும்; உறிஞ்சினால் பழ வாசனையோடு புகை வரும். பிடித்தவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், பி.இ.டி. சார். தாளாளர் பயந்துபோய் ஆண்கள், பெண்கள் இரண்டு கழிப்பறைகளிலும் கருவி மாட்டச் சொன்னார். மாட்ட வந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “கேமரா கெடையாது மேடம். மைக் கெடையாது. பிரைவசிக்கு பிரச்சனையே வராது. பொகை வந்தா டைம் போட்டு உங்க போனுக்கு மெசேஜ் வரும், அவ்ளோதான்.”

நேரம் வரும், ஆள் யாரென்று வராது. அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்தது. நேரம் தெரிந்து பெயர் தெரியாமல் இருப்பதை என் மனம் தாங்காது. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஸ்கேலால் கோடு போட்டேன்: பெயர், வகுப்பு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். பெண்கள் கழிப்பறை வாசலில் ஆணி அடித்து, சரடு கட்டிய பேனாவோடு தொங்கவிட்டு, எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரமும் மாட்டினேன். பையன்கள் பக்கமும் ஒரு நோட்டு தொங்கவிட்டேன்; இரண்டே நாளில் அது காணாமல் போனது. பெண்கள் பக்கம் இருந்தது.

பிள்ளைகள் அதை மதித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதிப் பேர் சினிமா நடிகைகளின் பெயரை எழுதினார்கள். ஒரு நாள் மூன்றாம் பீரியடில் நானே இரண்டு முறை போய்வந்ததாக எழுதியிருந்தது. சிலர் மதியம் வரை தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள்; அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு பெண் மட்டும் தினமும் தன் சொந்தப் பெயரை, சரியான நேரத்தோடு, கோட்டுக்குள் அடங்கும் எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். பிளஸ் ஒன். அடி அண்ணாமலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிறவள். அவளுடைய அப்பா கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

சாப்பாட்டு மணி 12.40க்கு. அந்தப் பெண் தினமும் 12.20க்குப் போய் 12.30க்குத் திரும்புவாள். அந்த நேரத்தில் கழிப்பறையில் வேறு யாரும் இருப்பதில்லை.

அன்று 12.27க்கு என் போனில் மெசேஜ் வந்தது. பெண்கள் கழிப்பறை. நான் போய் நோட்டைப் பார்த்தேன். 12.21, அவள் பெயர். அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் இல்லை. பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஏற்பட்ட திருப்தியை மறைக்க விரும்பவில்லை. ஒரு கணக்கு மிச்சமில்லாமல் வகுபட்ட மாதிரி இருந்தது.

12.31க்கு அவளைப் பையோடு என் அறைக்கு வரச் சொன்னேன். வேப் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் என்பதால் பி.இ.டி. சாரையும் கூப்பிட்டேன். ஒரு பெண்ணின் பையைத் திறக்க ஓர் ஆணைக் கூப்பிட்டது முதல் தவறு. கதவைச் சாத்தாதது இரண்டாவது. வெளியே சான்றிதழ் கையெழுத்துக்காகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“உள்ள என்ன பண்ண?”

“பாத்ரூம் போனேன் மிஸ்.”

“தினம் அதே டைமுக்கா?”

பி.இ.டி. சார், “பயப்படாதம்மா. உண்மைய சொல்லிட்டா கம்மியா முடிச்சுக்கலாம்” என்றார். அவர் நல்ல மனிதர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

பையை மேஜைமேல் கவிழ்த்தேன். புத்தகங்கள், டிபன் பாக்ஸ், ஒரு பாடி ஸ்ப்ரே, ஜிப் வைத்த பவுச். பவுச்சுக்குள் தடித்த ஒரு பேனா. சார் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இதான் மேடம். பசங்ககிட்ட புடிச்சதும் இதே சைஸ்தான்.”

வாசலில் நின்ற வரிசை முழுவதும் அதைப் பார்த்தது.

நான் வாங்கி மூடியைக் கழற்றினேன். முனையில் ஊசி இருந்தது. என் மனம் இன்னும் மோசமான இடத்துக்குப் போயிற்று. அந்தப் பேனாவின் மேல் சின்ன எழுத்தில் பெயரும் அளவும் அச்சாகியிருந்தன. கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது. எடுத்துப் போட்டுப் படித்திருந்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாத நான் அதைப் படிக்கவில்லை.

“யாரு குடுத்தா இத?”

“அம்மா.”

“அம்மா மேலயா பழி போடற?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

12.48க்கு அவளுடைய அம்மாவுக்கு போன் செய்தேன். உடனே வரவேண்டும் என்றேன். ஏன் என்று அந்த அம்மா கேட்கவில்லை. “தோ வரேன் மேடம். அது சாப்டுச்சா?” என்றுதான் கேட்டார்.

“அதெல்லாம் அப்புறம். நீங்க மொதல்ல வாங்க” என்று வைத்துவிட்டேன்.

உங்களிடம் நான் சொல்ல நினைப்பது முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளையை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறோம், அதன் தாய் முதலில் கேட்கும் கேள்வி அது சாப்பிட்டதா என்பது. அந்தக் கேள்வியில் நான் ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். எந்தத் தாயும் கேட்கிற சாதாரணக் கேள்வி என்று தாண்டிப் போனேன்.

ஒரு மணிக்கு அவள் நெற்றி வியர்த்திருந்தது. மேல் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேஜை விளிம்பைப் பிடித்த விரல்கள் ஆடின. கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லாமல் ஏதோ முணுமுணுத்தாள். பயம் என்று நினைத்தேன். பிறகு நடிப்பு என்று நினைத்தேன். “ஒழுங்கா நின்னு பேசு” என்று சொன்னதும் நான்தான்.

அப்போது குப்பம்மா வந்தார். எங்கள் பள்ளியில் கழிப்பறைகளைச் சுத்தம் செய்கிறவர், பிள்ளைகளுக்கு ஆயாம்மா. தண்ணீர் ஜாடி வைக்க வந்தவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். ஜாடியைத் தரையில் வைத்தார். முதலில் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு என் அனுமதியைக் கேட்காமல் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துச் சர்க்கரையை அவள் வாயில் போட்டார்.

“முழுங்கு கண்ணு. தண்ணி குடி. முழுங்கு. இன்னா மேடம் பண்ணிக்கினு இருக்கீங்க? ஊசி போட்டா உடனே துண்ணணும் இது. மணி இன்னா ஆவுது பாருங்க.”

“என்ன ஊசி?”

“சக்கரைக்கு. சின்னதுலேர்ந்தே இருக்குதாம். இப்புடியே வுட்டா மயக்கம் போட்டுரும்.”

பி.இ.டி. சார் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். குப்பம்மா டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைத் தன் கையாலேயே ஊட்டினார். பத்து நிமிடத்தில் அவளுடைய கண் நேரானது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் எதையும் எழுதவில்லை. நேரம் சொல்ல முடிவது சுவரில் கடிகாரம் இருந்ததால்தான்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று குப்பம்மாவிடம் கேட்டேன்.

“சேந்த முத நாளே வந்து சொல்லிச்சு. ஊசிய குப்பையில போட்டா உங்க கையில குத்திடும், எங்க போடட்டும்னு கேட்டுச்சு. ஒரு டப்பா குடுத்து வச்சிருக்கேன். இந்தச் சக்கரையும் அதுக்குத்தான்.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“யார்கிட்டயும் சொல்லாதன்னு சொல்லிச்சு மேடம்” என்றார், நான் ஏதோ புரியாத கேள்வி கேட்டுவிட்டது போல.

அந்தப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது: “கதவு தொறந்துதான் இருந்திச்சா மிஸ்?”

“ஆமா.”

அவள் மிச்சச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊசி மருந்துக்கு ஆஸ்பத்திரி வாசனை வரும். அடுத்து வருகிற பெண்கள் கேட்பார்கள் என்று, போட்டு முடித்ததும் பாடி ஸ்ப்ரே அடித்துவிடுவாள். அன்றைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாக அடித்துவிட்டாள். கருவி அதைத்தான் பிடித்தது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு கழிப்பறையில் கூட்டம் நெரியும் என்பதால் வகுப்பில் கேட்டுக்கொண்டு முன்னாலேயே போனாள். எல்லாம் ஒழுங்காக, யோசித்துச் செய்திருந்தாள். பதினாறு வயதில் அவ்வளவு ஒழுங்கு எனக்கு இருந்ததில்லை.

அவளுடைய அம்மா 1.35க்கு வந்தார். மகளின் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன். எங்கள் தவறு, அது வேப் இல்லை என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுகிறோம் என்றேன்.

“வேற இன்னான்னு சொல்லுவீங்க?”

மேஜைமேல் கிடந்த பேனாவுக்கு மூடி போட்டுப் பவுச்சுக்குள் வைத்தேன்.

“சக்கரைன்னு தெரிஞ்சா நாளைக்கி எவன் மேடம் வீட்டுப் படி ஏறுவான்? பொகை குடிச்சிச்சுன்னு தெரிஞ்சாலும் ஏற மாட்டான். ரெண்டுல எத சொல்லட்டும்னு என்ன கேக்கறீங்க. பதினொரு வருஷம் ஒரு சொந்தக்காரங்களுக்குக் கூட தெரியாம வச்சிருந்தேன். டி.சி. குடுத்துடுங்க.”

“அம்மா, பேசாம இரும்மா” என்றாள் மகள். அந்த அறையில் அவள் குரலை உயர்த்தியது அது ஒன்றுக்குத்தான்.

அதற்குள் தாளாளர் போனில் வந்தார். மெசேஜ் அவருக்கும் போயிருந்தது. “பையில என்ன இருந்தது?”

“அந்தப் பொண்ணோட பொருள் இருந்தது சார்.”

“அதான் என்னன்னு கேக்கறேன்.”

“வேப் இல்ல சார். அதுக்கு மேல நான் சொல்றதுக்கு இல்ல.”

“உங்க ரிப்போர்ட்ல எழுதுவீங்க இல்ல?”

“மாட்டேன் சார்.”

இருபத்தொன்பது வருடத்தில் நான் எழுத மாட்டேன் என்று சொன்னது அந்த ஒரு முறைதான். தைரியமாகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். எதிரே அந்தப் பெண் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் சொல்ல முடியாமல் போயிற்று.

வழி கண்டுபிடித்தவர் பி.இ.டி. சார். அதுவரை சுவர்ப் பக்கம் நின்றிருந்தவர், “மேடம், என்ன பாத்து சிரிச்சா பரவால்லதான?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். கடைசி இரண்டு பீரியடும் மைதானத்தில் அவரிடம்தான் பையன்கள் இருந்தார்கள். கண்ணுக்கு வர வரப் பார்வை சரியில்லை, ஒரு பொண்ணோட இங்க் பேனாவைப் போய் வேப்னு தூக்கிப் பிடிச்சுட்டேன், மேடம் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க என்று அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பள்ளி விடும் நேரத்துக்குள் அது எல்லா வகுப்புக்கும் போய்விட்டது. நாலே கால் மணிக்கு கேட்டருகே ஒரு பையன் தன் பேனாவை உயர்த்திப் பிடித்து, “சார், இது பேனாதான் சார், நல்லா பாத்துக்கங்க” என்றான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அப்படியா தம்பி? நான் முருங்கக்கான்னு நெனச்சேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் வேலையில் இருந்தவரைக்கும் பிள்ளைகள் அவரைப் பேனா சார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த நோட்டை அன்று மாலையே ஆணியோடு எடுத்துக் குப்பம்மாவிடம் கொடுத்தேன். அவர் காய்ந்த இலைகளோடு போட்டுக் கொளுத்தினார். கருவி இருந்தது, இருக்கட்டும் என்றுதான் நானும் சொன்னேன். அதற்குப் பிறகு மெசேஜ் வந்தால் குப்பம்மாவிடம் போய், “உள்ள எல்லாம் நல்லா இருக்காங்களா?” என்று மட்டும் கேட்பேன். பதில் பெரும்பாலும் “இருக்காங்க மேடம்.” இரண்டு முறை “நீங்க கொஞ்சம் வாங்க” என்றார். இரண்டு முறையும் போக வேண்டியதாகத்தான் இருந்தது. யாரை விசாரிக்கக் கூப்பிட்டாலும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். வேறு விதி எதுவும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதி வைப்பதாக இருந்தால் அதை முதலில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை அவளுடைய அம்மா வந்து டி.சி. வாங்கிப் போனார். போளூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போவதாகச் சொன்னார். பேனா கதை நன்றாகவே வேலை செய்திருந்தது; யாரும் எதையும் சந்தேகப்படவில்லை. அந்த அம்மா அதை நம்பவில்லை. நம்பச் சொல்லிக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அதன் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. முழங்காலுக்கு நல்லது என்று இப்போது சில நாள் காலையில் அடி அண்ணாமலைப் பக்கம் நடக்கிறேன். கடை இருக்கிறது. அப்பா கற்பூர டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருப்பார். அவள் கல்லூரிக்குப் போகிறாளா, விடுதியிலா, அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா, ஊசியை மறைக்காமல் போட்டுக்கொள்ள ஒரு இடம் கிடைத்ததா என்று கேட்க நாக்கின் நுனிவரை வரும். ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அந்தப் பெண்ணைப் பற்றி நான் கேட்க வேண்டியதை விட அதிகமாக ஒருமுறை கேட்டுவிட்டேன்.

வகுப்புகளைப் பற்றியோ, மேடைகளைப் பற்றியோ எனக்கு இப்போது ஏக்கம் இல்லை. பதினொன்றாம் வகுப்பு வரிசையில் ஒருத்தி கோட்டுக்குள் அடங்கும் எழுத்தில் இன்னும் ஒன்றே முக்கால் வருடம் எழுதிக்கொண்டு எங்களோடு இருந்திருப்பாள் என்பதுதான் என் ஏக்கம். அந்த நாட்களை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத நாட்களுக்காக இப்படி ஏங்க முடியும் என்று எனக்குத் தெரியாது.

அந்த வியாழனுக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை, நான் செய்த முதல் வேலை அவள் வீட்டுக்குப் போனது. 7.05க்குப் போய்ச் சேர்ந்தேன். அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேனா பக்கத்திலேயே, டம்ளருக்கும் சட்னிக் கிண்ணத்துக்கும் நடுவில், சாதாரணமாகக் கிடந்தது. சீருடை போட்டிருக்கவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் பாதி மறந்துவிட்டது. “உன் பையை நான் தொறந்திருக்கக் கூடாதும்மா. கேட்டிருக்கணும். நீ சொல்லலன்னாலும் வுட்டிருக்கணும்” என்றேன்.

அவள் வாயில் இருந்ததை மென்று முடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“மிஸ், உங்களுக்கு லேட் ஆவுது. பிரேயருக்கு முன்னாடி நீங்கதான சப்ஸ்டிட்யூஷன் போடணும்.”

“பரவால்ல.”

“இல்ல மிஸ், போங்க. உங்களால லேட்டா போவ முடியாது.”

அவள் அம்மா காபி கொடுத்தார். குடித்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரின் பின் இருக்கையில் படிந்திருந்த தூசியைக் கைக்குட்டையால் துடைத்தேன். வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே தட்டு கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வாசலுக்கு யாரும் வரவில்லை.

7.40க்கு வண்டியைக் கிளப்பினேன்.